சொல் நிற்கும் இடம்

சென்ற மாதம் ஒரு மாலையில் என் தம்பி மகள் தன் ஆங்கிலத் தேர்வுத்தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். தாளின் இரண்டாம் பக்கத்தில் பத்துச் சொற்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் எவ்வகைச் சொல் என்பதை அதற்கு எதிரே எழுத வேண்டும். 'ஃபாஸ்ட்' என்ற சொல்லுக்கு எதிரே அவள் 'அட்ஜெக்டிவ்', அதாவது பெயரடை, என்று எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் 'அட்வெர்ப்', அதாவது வினையடை, என்று திருத்தம். 'லைட்' என்பதற்கும் அவள் பெயரடை என்றே எழுதியிருந்தாள். அது அடிக்கப்பட்டுப் பெயர்ச்சொல் என்று மாற்றப்பட்டிருந்தது.

"அத்தை, 'ஃபாஸ்ட் ட்ரெய்ன்' என்றுதானே சொல்கிறோம்? ரயில் எப்படிப்பட்டது என்பதை அந்தச் சொல் சொல்கிறதல்லவா? அப்புறம் நான் எழுதியது எப்படித் தப்பாகும்?" என்று கேட்டாள்.

அவள் எழுதியது சரி. திருத்தியவர் எழுதியதும் சரி. தவறு கேள்வியில் இருந்தது. 'ஃபாஸ்ட் ட்ரெய்ன்' என்னும்போது அது பெயரடை. 'ரன் ஃபாஸ்ட்' என்னும்போது வினையடை. என் அம்மா ஆடி வெள்ளிக்கிழமைகளில் விரதம் இருப்பார். அதை 'ஷி ஃபாஸ்ட்ஸ் ஆன் ஃப்ரைடேஸ்' என்று சொன்னால் அதே சொல் வினைச்சொல்லாகிவிடுகிறது. 'எ லாங் ஃபாஸ்ட்' என்று சொன்னால் விரதத்தின் பெயராகிவிடுகிறது. நான்கு வாக்கியங்களில் நான்கு வகையாக வரும் சொல்லை வாக்கியமே இல்லாமல் தனியே நிறுத்தி, நீ எந்த வகை என்று கேட்டால் அதற்கு விடை கிடையாது. விடையில்லாத கேள்விக்கு ஒரு குழந்தை மதிப்பெண் இழந்ததில் எனக்கு உண்மையாகவே வருத்தம். அதைவிட, தான் சரியாக யோசித்தது தவறு என்று அவள் நம்பத் தொடங்கியதில் இன்னும் பெரிய வருத்தம்.

இதில் எனக்கு இத்தனை அக்கறை ஏன் என்றால், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு வீட்டுச் சாதனத்தின் கையேட்டை மொழிபெயர்த்தபோது, 'எம்ப்டி டேங்க் பிஃபோர் க்ளீனிங்' என்ற வரி வந்தது. 'எம்ப்டி' என்றால் காலி என்று மனத்தில் பதிந்திருந்ததால், 'சுத்தம் செய்வதற்கு முன் காலித் தொட்டி' என்று எழுதி அனுப்பிவிட்டேன். அந்த 'எம்ப்டி' அங்கே வினைச்சொல். தொட்டியைக் காலி செய்யவும் என்பதே அதன் பொருள். அச்சுக்குப் போகும் முன் அதைக் கண்டுபிடித்துத் திருத்தியவர் என்னிடம் ஒன்றும் கடுமையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து எந்த ஆங்கிலச் சொல்லையும் அதன் அக்கம்பக்கம் பார்க்காமல் நான் மொழிபெயர்ப்பதில்லை.

பள்ளியில் நாம் எல்லோரும் படித்த வரையறை இதுதான்: ஆள், இடம், பொருள் ஆகியவற்றின் பெயர் 'நவுன்', செயலைக் குறிப்பது 'வெர்ப்'. சிறு வகுப்பில் மேசை, நாற்காலி, பூனை வரைக்கும் இது போதும். அதற்கு மேல் இது கைகொடுப்பதில்லை. 'அரைவல்' என்பதும் 'எக்ஸ்ப்ளோஷன்' என்பதும் செயல்களே. வந்து சேர்வதையும் வெடித்துச் சிதறுவதையும்விடப் பெரிய செயல் வேறென்ன இருக்கிறது? ஆனால் அவை இரண்டும் பெயர்ச்சொற்கள். 'பிலாங்', 'ரிசெம்பிள்', 'கன்டெய்ன்' என்பவற்றில் யாரும் எதையும் செய்வதில்லை. ஒன்று இன்னொன்றுக்கு உரியதாக இருக்கிறது, ஒத்திருக்கிறது, தன்னுள் கொண்டிருக்கிறது, அவ்வளவே. ஆனால் அவை வினைச்சொற்கள். பொருளை மட்டும் வைத்துச் சொல்லின் வகையைத் தேடும் பிள்ளை இந்த இடத்தில் தடுமாறுவது இயல்பு.

நம் இலக்கணம் இந்த வழியில் போகவில்லை என்பதை அன்று மாலைதான் நானே புதிதாகக் கவனித்தேன். வினை என்பது வேற்றுமை கொள்ளாது, காலத்தோடு தோன்றும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. அதாவது, சொல் எதைக் குறிக்கிறது என்று அது கேட்கவில்லை; எதை ஏற்கிறது, எதை ஏற்கவில்லை என்று கேட்கிறது. ஐ, கு, இல், இன் என்று உருபு ஒட்டிப்பார், ஒட்டினால் பெயர். காலம் காட்டுகிறதா என்று பார், காட்டினால் வினை. இந்த ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு ஆங்கிலத்துக்குள் போனால் பாதி வழி தெளிந்துவிடுகிறது. மீதிப் பாதிக்கு இன்னொரு கேள்வியும் வேண்டும்: சொல் எங்கே நிற்கிறது, பக்கத்தில் யார் நிற்கிறார்கள்?

அவளுக்கு அப்போது இருமல். அலமாரியில் இருந்த இருமல் மருந்துப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தேன். அதன் சீட்டில் சிறிய எழுத்தில், ஏறக்குறைய எல்லா மருந்துப் புட்டிகளிலும் இருக்கும் அந்த நான்கு சொற்கள்: 'ஷேக் வெல் பிஃபோர் யூஸ்'. நான்கு சொற்கள், நான்கு வகை. இதைவிட நல்ல இலக்கணப் பாடத்தை நான் எந்தப் பாடநூலிலும் பார்த்ததில்லை.

'வெல்' என்றதும் அவள் "கிணறு" என்றாள். தனியே பார்த்தால் கிணறுதான். "இங்கே கிணற்றைக் குலுக்கச் சொல்கிறார்களா?" என்று கேட்டதும் சிரித்துவிட்டு, "நன்றாகக் குலுக்கு, அப்படியானால் வினையடை" என்றாள். 'ஷேக்' என்பது ஏவல் வினை. 'மில்க் ஷேக்' என்று கடைப்பலகையில் பார்த்த பழக்கத்தில் அதைப் பெயர்ச்சொல் என்று எண்ணியிருந்தவள், வாக்கியத்தின் தொடக்கத்தில் கட்டளையாக நிற்பதைக் கண்டதும் மாற்றிக்கொண்டாள். 'பிஃபோர்' என்பது தனக்கு அடுத்து நிற்கும் பெயரோடு உறவு காட்டும் 'ப்ரிபொசிஷன்'. நாம் பெயருக்குப் பின்னால் வைக்கும் 'முன்', 'பின்', 'மேல்', 'கீழ்' ஆகியவற்றை ஆங்கிலம் பெயருக்கு முன்னால் வைக்கிறது.

'யூஸ்' என்பதில்தான் நீண்ட நேரம் நின்றோம். "பயன்படுத்துவது செயல்தானே, அப்படியானால் வினை" என்பது அவள் வாதம். 'பிஃபோர்' என்ற ப்ரிபொசிஷனுக்குப் பின்னால் காலம் காட்டும் வினை வந்து நிற்க முடியாது, பெயர்தான் நிற்கும். அதே சீட்டில் சற்றுக் கீழே 'ஸ்டோர் ப்ரொடெக்டெட் ஃப்ரம் லைட்' என்று இருந்தது. அந்த 'லைட்', 'ஃப்ரம்' என்பதற்குப் பின்னால் நிற்பதால் வெளிச்சம் என்னும் பெயர். விளக்கை ஏற்றச் சொல்லி 'லைட் த லாம்ப்' என்றால் அது வினை. அவள் தேர்வுத்தாளில் எழுதும்போது மனத்தில் நினைத்தது 'லைட் ப்ளூ' நிறத்தை. அங்கே அது நிறத்துக்கு அடையாக வருகிறது. அதே வரியின் முதற்சொல்லான 'ஸ்டோர்' வினை; ஆனால் இந்தப் புட்டியை நாங்கள் வாங்கி வந்த கடையின் பலகையில் இருக்கும் 'மெடிக்கல் ஸ்டோர்' என்பதில் அது பெயர். 'கீப் அவுட் ஆஃப் த ரீச் ஆஃப் சில்ட்ரன்' என்ற வரியில் 'ரீச்' முன்னால் 'த' நிற்கிறது. 'த' வந்துவிட்டால் அடுத்தோ, ஓர் அடைச்சொல் தள்ளியோ, ஒரு பெயர் வரப்போகிறது என்று எதிர்பார்க்கலாம். இதைத் தமிழில் 'குழந்தைகளின் கைக்கு எட்டாதவாறு' என்று எழுதும்போது அந்தப் பெயர் நம்மிடம் வினையாக மாறிவிடுகிறது. மொழிபெயர்ப்பில் இந்த மாற்றம் ஒவ்வொரு பக்கத்திலும் நடக்கிறது. ஆங்கிலத்தில் அது பெயர் என்று தெரிந்த பிறகுதான் தமிழில் அதைத் துணிந்து வினையாக்க முடியும்.

மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு லாரியின் பின்புறத்தில் 'சவுண்ட் ஹார்ன்' என்று எழுதியிருந்ததைக் காட்டினாள். நம் ஊர் லாரிகளில் எத்தனையோ ஆண்டுகளாக இருக்கும் சொற்கள். 'சவுண்ட்' என்பது தமிழ்ப் பேச்சிலேயே கலந்துவிட்டது. 'சவுண்டைக் குறை' என்கிறோம், ஐயுருபு ஏற்றுக்கொண்டு முழுப் பெயர்ச்சொல்லாகவே நிற்கிறது. ஆனால் லாரிக்குப் பின்னால் அது 'ஒலி எழுப்பு' என்னும் கட்டளை. 'சவுண்ட் ஸ்லீப்' என்னும்போது அது ஆழ்ந்த என்னும் அடைச்சொல்.

தமிழிலும் இப்படி உண்டே என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. 'படி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறும் படியும் அளக்கும் படியும் பெயர்கள்; 'பாடத்தைப் படி' என்பதில் வினை; 'சொன்னபடி' என்பதில் இடைச்சொல்லைப் போல் நிற்கிறது. 'ஓடு' என்பதும் அப்படியே. ஆனால் தமிழில் இந்த மயக்கம் சொல் வெறும் வேராக நிற்கும் வரையில்தான் பெரும்பாலும் நீடிக்கிறது. படியில் உட்கார்ந்தான், பாடத்தைப் படித்தான். ஓட்டின்மேல் நடந்தான், தெருவில் ஓடினான். உருபோ விகுதியோ வந்து ஒட்டியவுடன் சொல் தன் இனத்தைச் சொல்லிவிடுகிறது. சொல்லை வாக்கியத்தில் எங்கே தூக்கி வைத்தாலும் அந்த அடையாளம் அதனோடு கூடவே போகிறது. 'நாயைப் பூனை கடித்தது' என்பதைப் 'பூனை நாயைக் கடித்தது' என்று மாற்றினாலும் கடிபட்டது நாய்தான்.

ஆகவே நம் கண் இயல்பாகவே சொல்லின் வாலைத்தான் பார்க்கும். ஆங்கிலச் சொல்லில் பெரும்பாலும் வால் இல்லை. இருக்கும் ஓரிரு வால்களும் இரு பக்கமும் பேசுகின்றன: 'லாங் வாக்ஸ்' என்பதிலுள்ள 'எஸ்' பன்மை காட்டுகிறது; 'ஹி வாக்ஸ்' என்பதிலுள்ள அதே 'எஸ்' நிகழ்கால வினையைக் காட்டுகிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் கடினமாக இருப்பதற்கு அவர்களின் கவனக்குறைவு காரணமில்லை. தம் மொழி கற்றுக்கொடுத்த இடத்தில் அவர்கள் அடையாளத்தைத் தேடுகிறார்கள், அந்த இடத்தில் அது இல்லை.

முன்பு இருந்தது. பழைய ஆங்கிலத்தில் நம்மைப் போலவே வேற்றுமைக்கு விகுதிகள் இருந்தன. அன்பு என்னும் பெயர் 'லுஃபு'; அன்பு செய்தல் என்னும் வினை 'லுஃபியன்'. விடை என்னும் பெயர் 'அன்ட்ஸ்வரு'; விடை சொல்லுதல் 'அன்ட்ஸ்வரியன்'. முடிவு 'எண்டே', முடித்தல் 'எண்டியன்'. 11ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் இந்தக் கடைசி அசைகள் மெல்ல மெல்லத் தேய்ந்து உதிர்ந்தன. பெயரும் வினையும் ஒரே உருவில் வந்து சேர்ந்தன: 'லவ்', 'ஆன்சர்', 'எண்ட்'. அடையாளம் உதிர்ந்த பின் யார் எது என்று காட்ட இடம் ஒன்றே மிஞ்சியது. ஆங்கிலத்தில் சொல் வரிசை இத்தனை கண்டிப்பாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒரு தடவை இந்தக் கதவு திறந்துகொண்டதும், புதிய சொற்களும் எந்த வேடமாற்றமும் இல்லாமல் பெயரிலிருந்து வினைக்குத் தாவத் தொடங்கின. கூகுள் என்ற நிறுவனத்தின் பெயர் 'தேடு' என்னும் வினையாக 2006ஆம் ஆண்டிலேயே ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இடம்பெற்றது.

எல்லோருக்கும் இது பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் 1789 டிசம்பர் 26 அன்று அகராதிக்காரர் நோவா வெப்ஸ்டருக்கு எழுதிய கடிதத்தில், 'நோட்டிஸ்', 'அட்வொகேட்', 'ப்ராக்ரஸ்' ஆகிய பெயர்களை வினைகளாக்கி எழுதும் புதிய வழக்கத்தைக் குறித்துக் குறைபட்டுக்கொள்கிறார். இன்று 'நோட்டிஸ்' என்பதை வினையாகப் பயன்படுத்தாத ஆங்கிலப் பேச்சு ஒரு மணி நேரம்கூட நடக்காது. அதே கடிதத்தில் அவர் இன்னொன்றுக்கும் வருந்துகிறார்: பெயர்ச்சொற்கள் அனைத்தையும் பெரிய எழுத்தில் தொடங்கும் பழைய அச்சு வழக்கம் மறைந்துவருவதற்கு. ஜெர்மன் மொழியில் அந்த வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆங்கிலத்தில் அது எப்படி இருந்தது என்று பார்க்க விரும்புவோர், 1787இல் கையால் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் முன்னுரையைப் பார்க்கலாம். 'பீப்பிள்', 'ஆர்டர்', 'யூனியன்', 'ஜஸ்டிஸ்', 'வெல்ஃபேர்', 'லிபர்ட்டி' என்று பெயர்ச்சொற்கள் ஒவ்வொன்றும் தலைநிமிர்ந்து பெரிய எழுத்தில் நிற்கின்றன. 'டிஃபென்ஸ்' என்ற பெயர் மட்டும் எப்படியோ சிறிய எழுத்தில் விடுபட்டுவிட்டது. ஒன்பதாம் வகுப்புக்கு மேலுள்ள பிள்ளைகளுக்கு அந்த ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, பெரிய எழுத்துகளை எல்லாம் சிறியனவாக்கிவிட்டு, மீண்டும் போடச் சொன்னால் அது நல்ல பயிற்சியாக இருக்கும்.

இரண்டு மூன்று வகையாக வரும் சொற்கள் ஆங்கிலத்தில் ஏதோ சில மட்டுமே, அவற்றை விதிவிலக்கு என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்துவிடலாம் என்று சிலர் சொல்வதுண்டு. இதற்கு நல்ல விடை இருக்கிறது. 1961இல் அமெரிக்காவில் அச்சான நூல்கள், செய்தித்தாள்கள், இதழ்களிலிருந்து ஏறக்குறைய 2000 சொற்கள் கொண்ட 500 பகுதிகளை எடுத்து, மொத்தம் பத்து லட்சம் சொற்களைப் பிரௌன் பல்கலைக்கழகத்தில் தொகுத்தார்கள். பின்னர் ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் வகையைக் குறித்தார்கள். அந்தத் தொகுப்பை ஆராய்ந்து ஸ்டீவன் டிரோஸ் 1988இல் சொன்ன கணக்கு இது: வெவ்வேறு சொற்கள் என்று எண்ணினால் 11.5 விழுக்காடு மட்டுமே ஒன்றுக்கு மேற்பட்ட வகையில் வருகின்றன. ஆனால் ஓடும் எழுத்தில் அடுத்தடுத்து வரும் சொற்களை எண்ணினால் 40 விழுக்காட்டுக்கு மேல் அப்படிப்பட்டவை. காரணம் எளிது. 'போட்டோசிந்தசிஸ்' போன்ற அரிய சொற்களுக்கு ஒரே வேலைதான். 'தட்', 'லைக்', 'பேக்', 'டவுன்', 'வெல்', 'பட்' போன்ற அன்றாடச் சொற்கள்தாம் எல்லா வேலையும் செய்கின்றன. எளிய சொல் என்று நினைத்துப் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கும் சொற்கள்தாம் உண்மையில் கடினமானவை.

சொல்லின் வகை பொருளிலிருந்து வருவதில்லை, அது நிற்கும் இடம் நமக்குப் பொருளையே காட்டிக்கொடுக்கிறது என்பதற்கு நான் மிகவும் விரும்பும் சான்று ஒன்று உண்டு. ரோஜர் பிரௌன் என்ற உளவியலாளர் 1957இல் மழலைப் பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு படத்தைக் காட்டினார். ஒரு பாத்திரத்தில் குவிந்திருக்கும் நொய்போன்ற ஏதோ ஒன்றை இரண்டு கைகள் பிசைகின்றன. அந்தக் குழந்தைகள் கேட்டறியாத 'சிப்' (sib) என்ற சொல்லைச் சொல்லி, சில குழந்தைகளிடம் 'சிப்பிங்' எது என்றும், சிலரிடம் 'எ சிப்' எது என்றும், சிலரிடம் 'எனி சிப்' என்ற தொடரை வைத்தும் கேட்டார். முதல் வகைக் கேள்விக்குக் குழந்தைகள் பெரும்பாலும் பிசையும் செயலைக் காட்டினார்கள், இரண்டாவதற்குப் பாத்திரத்தை, மூன்றாவதற்கு உள்ளே குவிந்திருந்த பொருளை. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. முன்னால் நின்ற 'எ'யும் பின்னால் ஒட்டிய 'இங்'கும் தான் அத்தனையையும் சொல்லிக்கொடுத்தன. ஐந்து வயதுக்குள் அந்தக் குழந்தைகள் காதால் கற்றுக்கொண்டதைத்தான் நம் பிள்ளைகள் பன்னிரண்டு வயதில் கண்ணால் கற்க வேண்டியிருக்கிறது.

ஆகவே பெயரா என்று அறிய நான் அவளுக்குச் சொன்ன சோதனை இதுதான்: முன்னால் 'எ', 'த', 'மை', 'நோ' ஆகியவற்றில் ஒன்றை நிறுத்திப் பார், அந்த வாக்கியத்தில் அது உட்காருகிறதா? பன்மையாக்கிப் பார், ஆகிறதா? பன்மைச் சோதனையில் ஓர் எச்சரிக்கை வேண்டும். 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்', 'இன்ஃபர்மேஷன்', 'லக்கேஜ்' ஆகியவை பெயர்களே ஆனாலும் ஆங்கிலத்தில் பன்மை ஏற்பதில்லை. தமிழில் அறிவுரைகள், தகவல்கள், மூட்டைகள் என்று தாராளமாகச் சொல்கிறோம். அந்தப் பழக்கத்தில் 'அட்வைசஸ்' என்றும் 'ஃபர்னிச்சர்ஸ்' என்றும் எழுதிவிடுகிறோம்.

இன்னொரு பிழையும் இப்படி நம் மொழியிலிருந்தே பிறக்கிறது. நாம் ஆங்கிலச் சொற்களைத் தமிழுக்குள் எடுக்கும்போது அவை எந்த வகையாக இருந்தாலும் பெயரைப் போல நடத்தி, 'பண்ணு', 'ஆகு', 'அடி' என்று ஒரு தமிழ் வினையை ஒட்டிவிடுகிறோம். ட்ரை பண்ணினேன், புக் பண்ணினேன், டென்ஷன் ஆனேன், போர் அடிக்கிறது. தமிழுக்குள் இது முழுக்கச் சரியான வழி. எந்தச் சொல்லையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் மொழியின் வலிமை அது. ஆனால் திரும்ப ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்தச் சொல்லின் பழைய வகையை நினைவில் வைத்திருக்க வேண்டும். 'டென்ஷனாக இருக்கிறேன்' என்பதில் 'ஆக' செய்யும் வேலை நமக்குத் தெரியாமலே நடந்துவிடுகிறது. அதை விட்டுவிட்டு 'ஐ ஆம் டென்ஷன்' என்று சொன்னால் 'நான் ஒரு பதற்றம்' என்றாகிவிடுகிறது. 'டென்ஷன்' பெயர், அங்கே வேண்டியது 'டென்ஸ்' என்னும் பெயரடை. 'ஹி சக்ஸஸ் இன் லைஃப்' என்பதும் அப்படித்தான்: 'சக்ஸஸ்' பெயர், 'சக்ஸீட்' வினை, 'சக்ஸஸ்ஃபுல்' பெயரடை. நமக்கு 'அழகு' என்ற ஒரு பெயரிலிருந்து 'அழகான', 'அழகாக' என்று ஒரே ஒழுங்கில் அடைகள் பிறக்கின்றன. ஆங்கிலத்தில் அந்த ஒழுங்கு அரைகுறையானது; 'எல்-ஒய்' என்று முடிந்தால் வினையடை என்று கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு 'ஃப்ரெண்ட்லி', 'லவ்லி' என்ற பெயரடைகளும், 'ரிப்ளை' என்ற சொல்லும், 'ஃபேமிலி' என்ற பெயரும் குறுக்கே வந்து நிற்கின்றன.

எழுத்தில் மறைந்தும் ஒலியில் தெரிந்தும் நிற்கும் அடையாளம் ஒன்று உண்டு. நம் காதுக்கு அது பிடிபடுவதில்லை. மருந்துப் புட்டியின் 'யூஸ்' பெயர் என்பதால் அதன் கடைசி ஒலி பாம்பு சீறுவதைப் போல இருக்கும். 'பயன்படுத்து' என்னும் வினையாக வரும்போது அதே எழுத்து வண்டின் ரீங்காரத்தைப் போல ஒலிக்கும். 'ஹவுஸ்', 'எக்ஸ்க்யூஸ்' ஆகியவையும் அப்படியே. தமிழில் அந்த ரீங்கார ஒலி இல்லாததால் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம், ஒன்றாகவே கேட்கிறோம். 'அட்வைஸ்' என்பதில் எழுத்தே வேறு: பெயருக்குச் 'சி', வினைக்கு 'எஸ்'. பிரிட்டிஷ் வழக்கில் 'லைசென்ஸ்', 'ப்ராக்டிஸ்' என்பவற்றிலும் எழுத்து அதே போல மாறுகிறது. ஆனால் அங்கே ஒலி மாறுவதில்லை. 'ரெக்கார்ட்', 'ப்ரெசென்ட்', 'பெர்மிட்' போன்றவற்றில் அழுத்தம் முதல் அசையில் விழுந்தால் பெயர், இரண்டாம் அசையில் விழுந்தால் வினை.

ரயில் நிலையக் குழாயின் மேலுள்ள 'ட்ரிங்கிங் வாட்டர்' என்ற பலகையைப் பற்றியும் பேசினோம். 'ரன்னிங் வாட்டர்' என்றால் ஓடும் நீர். அதே அச்சில் 'ட்ரிங்கிங் வாட்டர்' என்றால் குடிக்கும் நீர், அதாவது தானே குடிக்கின்ற நீர், என்றாகிவிடாதா? ஆகாது. இங்கே 'ட்ரிங்கிங்' என்பது குடித்தல் என்னும் தொழிற்பெயர், குடித்தலுக்கான நீர். 'ஸ்லீப்பிங் பேபி' தூங்கும் குழந்தை. 'ஸ்லீப்பிங் பேக்' தூங்குவதற்கான பை. 'வாக்கிங் ஸ்டிக்' நடக்கும் குச்சி இல்லை, ஊன்றுகோல். நம் முன்னோர் 'குடிநீர்', 'ஊன்றுகோல்' என்று காலம் மறைந்த வினைத்தொகைகளாக இவற்றைச் சொன்னது எத்தனை கச்சிதம் என்று எண்ணி அன்று சற்று நேரம் பேச்சற்று இருந்தேன். 'நோ பார்க்கிங்' என்பதிலுள்ள 'பார்க்கிங்' பெயர் என்பதை 'நோ' காட்டிக்கொடுக்கிறது என்று அவளே சொன்னாள்.

ஒரே ஓர் இடத்தில் பல வினாத்தாள்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 'ஸ்கூல் பஸ்', 'டீ ஷாப்', 'டிக்கெட் கவுண்டர்' ஆகியவற்றில் முதற்சொல்லைப் பெயரடை என்று விடைக்குறிப்பில் போட்டுவிடுகிறார்கள். இன்னொரு பெயருக்கு முன்னால் நின்று அதை விளக்குகிறது என்பது காரணம். விளக்குகிறது என்பது உண்மை. ஆனால் 'வெரி பிக் பஸ்' என்று சொல்வதைப் போல 'வெரி ஸ்கூல் பஸ்' என்று சொல்ல முடியாது. 'பிக்கர்' என்பதைப் போல 'ஸ்கூலர்' என்று ஒப்பிட முடியாது. அது பெயர்ச்சொல்லாகவே இருந்துகொண்டு அடையின் வேலையைப் பார்க்கிறது. 'மரப்பலகை', 'பனையோலை' என்று நாம் சொல்லும்போது மரமும் பனையும் பெயர்களாகவே இருக்கின்றன அல்லவா? வகை வேறு, அந்த நேரத்தில் செய்யும் வேலை வேறு. இந்த வேறுபாட்டை விளக்கினால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் புரியும். எனக்கு அதில் ஐயமே இல்லை, ஏனென்றால் அவளுக்குப் புரிந்தது.

அவளுடைய ஆசிரியருக்கு ஒரு சிறு கடிதம் எழுதினேன். குறை சொல்லவில்லை, சொற்களை வாக்கியத்துக்குள் வைத்து அடிக்கோடிட்டுக் கேட்டால் பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அவரும் அன்போடு பதில் எழுதியிருந்தார். அடுத்த தேர்வில் அப்படியே செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

இதற்கிடையில் அவள் ஒரு கோடு போட்ட குறிப்பேட்டில் பக்கத்துக்கு ஒரு சொல்லாக எழுதி வருகிறாள். 'ரவுண்ட்' என்ற சொல்லுக்கு முதல் வாரத்திலேயே நான்கு வாக்கியங்கள் சேர்ந்துவிட்டன: 'எ ரவுண்ட் டேபிள்' என்பதில் பெயரடை, 'த செகண்ட் ரவுண்ட்' என்பதில் பெயர், 'டர்ன் ரவுண்ட்' என்பதில் வினையடை, 'வி சாட் ரவுண்ட் த டேபிள்' என்பதில் ப்ரிபொசிஷன். வினையாக ஒன்று வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தாள். நான் சொல்லிவிடலாம் என்று நினைத்தும் பொறுத்திருந்தேன். நேற்று இரவு கணக்குப் பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் சட்டென்று எழுந்து வந்து, புத்தகத்தை என் முன்னால் விரித்து, பயிற்சியின் முதல் வரியில் விரலை வைத்தாள்: 'ரவுண்ட் ஆஃப் டு த நியரஸ்ட் ஹண்ட்ரட்.'